ஏனக்கா கேட்காமல் விட்ட கேள்வி

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது குடும்பத்தில் இதுவரை ஒருவருக்கும் பிடிபடவில்லை. புராடக்ட் மேனேஜர் என்று சொன்னதும் ஏதோ கடையில் சோப்பு விற்கிற வேலை என்று பெரியப்பா முடிவு கட்டிவிட்டார். அம்மாவைக் கேட்டால், "கம்ப்யூட்டர் கம்பெனியில எல்லாரையும் கேள்வி கேக்கற வேலை. அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்க" என்பாள். உண்மையைச் சொன்னால், இருப்பதற்குள் அம்மா சொன்னதுதான் கிட்டத்தட்டச் சரி.

அவளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரியாது. படம் வரையச் சொன்னால் பூனையும் நாற்காலியும் ஒன்றுபோலவே வரும். ஆனால் ஒரு டீம் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எதைச் செய்ய வேண்டும், அதைவிட முக்கியமாக எதைச் செய்யவே வேண்டாம் என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் பொறுப்பு. போனில் மணி பார்க்கப் போனால், 'இந்த நிமிடத்தை நண்பர்களோடு கொண்டாடுங்கள்' என்று ஒன்று குறுக்கே வந்து நிற்கிறதே, அதை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. எவனோ ஒரு அறையில் உட்கார்ந்து, இவர்களுக்கு இது பிடிக்கும் என்று தானாகவே முடிவு செய்திருப்பான். அப்படிப்பட்டவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தத்தான் இவளைப் போன்ற ஒருத்தியை வேலைக்கு வைக்கிறார்கள்.

அவளுக்கு முதல் வேலை கஸ்டமர் கேரில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் வசவையெல்லாம் வாங்குகிற வேலை. அங்கேதான் ஒரு விஷயம் அவளுக்குப் புரிந்தது. மனிதர்கள் கேட்பது ஒன்று, அவர்களுக்கு வேண்டியது வேறொன்று. எழுத்தைப் பெரிசு பண்ணச் சொல்லித் தினம் போன் பண்ணிச் சண்டை போட்ட ஒரு மனிதரை ஒரு விடுமுறை நாளில் நேரில் போய்ப் பார்த்தாள். அவர் கூரியர்காரர். உச்சி வெயிலில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி முகவரி பார்க்கிறார். எழுத்து போதுமான அளவு பெரிசாகத்தான் இருந்தது, வெளிச்சத்தில் திரைதான் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் திரும்பி வந்து அதைச் சொல்ல, வெயிலில் திரையின் நிறம் தானாக மாறும்படி செய்தார்கள். கூரியர்காரர் அதற்கப்புறம் சண்டை போடக் கூப்பிடவே இல்லை, அவளுக்குக் கொஞ்சம் வெறிச்சென்றுகூட இருந்தது. அந்தச் சாக்கில்தான் கம்பெனி அவளைப் போன் மேசையிலிருந்து டீமுக்கு மாற்றியது.

டீமில் அவள் பெயர் ஏனக்கா. யார் எந்த யோசனையோடு வந்தாலும் "ஏன்?" என்பாள். பட்டன் சிவப்பாக இருக்கட்டும் என்றால் ஏன். மேலாளர் ஆசைப்பட்டு ஒன்று கேட்டாலும் ஏன். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், பிறகு துணிச்சல் வந்து முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்த டீமில் இன்னும் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் மூத்த டெவலப்பர். எதைக் கேட்டாலும் முதல் பதிலாக "முடியாது" என்பார், பிறகு தேநீர் குடித்துவிட்டு வந்து அதைச் செய்தும் கொடுப்பார். அதனால் அவர் முடியாதண்ணன். இன்னொருத்தி டிசைனர். காலையில் வணக்கம், மாலையில் வரேன், நடுவில் ஒரு வார்த்தையும் கிடையாது. அவள் பெயர் மௌனி.

ஏனக்காவின் வேலையில் கஷ்டமான பகுதி ஒன்று உண்டு. புதிதாக ஒன்றைச் செய்தால் அதைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் தடுமாறினால் உதவக் கூடாது. தப்பான பட்டனைத் தட்டினால் உச்சுக்கொட்டக் கூடாது. வாயைத் திறந்தோமானால் அவர் நமக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்துவிடுவார், நமக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். வாய் ஓயாத அவளுக்கு இது பெரிய தண்டனை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். உட்காரும் முன்பு ஒரு கெட்டி மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வாள். மிட்டாய் கரையும்வரை பேச்சில்லை. அவள் கைப்பையில் சீப்பு இல்லாமல் இருக்கும், மிட்டாய் இல்லாமல் இருக்காது.

இப்போது கதைக்கு வருவோம். அவர்கள் செய்துகொண்டிருந்த ஆப் குடும்பங்களுக்கானது. வீட்டில் ஒருவர் உடம்பு முடியாமல் படுத்தால் பிள்ளைகளுக்குள் யார் என்ன செய்தார்கள் என்று குறித்துக்கொள்ளலாம். காலை மாத்திரை கொடுத்தாயிற்றா, டாக்டரிடம் யார் கூட்டிப் போனது, எல்லாம். செய்தவர் பெயரைத் தட்டினால் மற்றவர்கள் போனிலும் தெரியும். நல்ல யோசனைதான். ஆனால் குடும்பங்கள் ஆர்வமாகச் சேர்ந்து, கொஞ்ச நாளில் கழன்றுகொண்டன. மேலாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் காலாண்டுக் கடைசி மீட்டிங்குக்குள்ள ஜனங்க நிக்கலன்னா டீமைக் கலைச்சிடலாம். வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டார். கலைந்தால் முடியாதண்ணன் விளம்பரம் காட்டுகிற டீமுக்குப் போக வேண்டும். அதற்குப் பதில் வீட்டில் சும்மா இருக்கலாம் என்பது அவர் கட்சி. மௌனி பாவம், ஒப்பந்தத்தில் இருப்பவள். அவளுக்குப் போக வேறு டீமே கிடையாது.

அந்தச் சமயம் பார்த்து ஏனக்காவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்து அக்கா வீட்டில் படுக்கை. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் அம்மாவைத் துடைத்து உடை மாற்றி, ஓடிப் போய்ப் பாடம் நடத்தி, ஓடி வந்து மருந்து கொடுத்து, ராத்திரி விடைத்தாளும் திருத்துவாள். தம்பி வெகுதூரத்தில் வேறு நகரத்தில் இருந்தான். போனில் யோசனை மட்டும் தாராளமாகச் சொல்லுவான், அப்படித்தான் ஏனக்கா நினைத்தாள். தன்னைப் பற்றிக் கேட்டால், "நானும் அக்காவும்தான் பாத்துக்கறோம்" என்பாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அது பொய்யென்று தோன்றவில்லை.

தம்பிமேல் எரிச்சல் ஏறி ஏறி ஒரு நாள் காலையில் அது யோசனையாக மாறியது. குளித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. ஈரத் தலையோடு ஆபீஸ் போய்ப் பலகையில் வரைந்தாள். மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று கோடுகள். யார் எவ்வளவு செய்தார்களோ அவ்வளவு நீளம். திரையைத் திறந்ததும் பளிச்சென்று தெரிய வேண்டும், உழைப்பவர் யார், ஊரை ஏமாற்றுபவர் யார் என்று.

முடியாதண்ணன் பலகையைப் பார்த்தார். வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. "ஏன்?" என்றார்.

டீமே சிரித்தது. அவளும் சிரித்தாள். "இது எனக்குத் தெரியும்ணே. என் வீட்டுலயே நடக்குது" என்றாள்.

அந்த ஒரு பதிலோடு கேள்வி கேட்கிறவள் வாயை அவளே கட்டிவிட்டாள். யாரையும் பார்க்கப் போகவில்லை. மிட்டாய் பை திறக்கப்படவே இல்லை. அண்ணன் வாரக்கணக்கில் உட்கார்ந்து கோடுகளைச் செய்தார், மௌனி அவற்றுக்குக் கண்ணை உறுத்தாத நிறம் தேடித் தேடிப் போட்டாள்.

கொஞ்சம் குடும்பங்களுக்கு மட்டும் முதலில் விட்டார்கள். மறுநாளே எண்கள் எகிறின. ஜனங்கள் அந்தக் கோடுகளைக் காலை, மதியம், மாலை என்று திறந்து திறந்து பார்த்தார்கள். மேலாளர் தன் கையால் கேக் வெட்டினார். ஏனக்கா இரண்டு துண்டு சாப்பிட்டாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விழுகிற குழி இதுதான். எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று எண் சொல்லும், எந்த மூஞ்சியோடு பார்த்தார்கள் என்று சொல்லாது. அடுத்த வாரம் அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆப்பையே அழித்துவிட்டுப் போயின. பழைய ஆப்பாவது பரவாயில்லை, அதிலிருந்து மெதுவாகத்தான் போனார்கள்.

அவள் ஒவ்வொருவராகப் போன் பண்ணிக் கேட்டாள். ஒரு பெரிய மனிதர் நிதானமாகச் சொன்னார்: "அம்மா, உங்க ஆப் நல்லாத்தான் வேலை செய்யுது. அந்தக் கோட்டைப் படம் எடுத்து என் தங்கச்சி குடும்ப குரூப்ல போட்டா. இப்ப, கோடு குட்டையா வந்த என் தம்பி எங்க வீட்டுப் பக்கம் வர்றதில்ல. முன்னாடி ஏதோ ஞாயித்துக்கிழமையாவது வருவான்."

அப்போதும் அவள் மசியவில்லை. "செய்யாதவங்களுக்கு உண்மையைப் பாத்தா சுடத்தான் செய்யும். செய்யறவங்களுக்கு இது எவ்வளவு ஆறுதல் தெரியுமா?" என்று மீட்டிங்கில் அடித்துப் பேசினாள்.

மௌனி தலையை நிமிர்த்தினாள். "உங்க அக்காகிட்ட காட்டினீங்களா?" என்றாள்.

அறையில் எல்லாரும் திரும்பி மௌனியைப் பார்த்தார்கள், அவளுக்குக் குரல் இருக்கிறது என்பதே செய்தி. பிறகு ஏனக்காவைப் பார்த்தார்கள். அவள் காட்டவில்லை. அக்காவின் பெயரைச் சொல்லிச் சொல்லியே இவ்வளவையும் செய்ய வைத்தவள், அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மௌனியையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அம்மா கட்டிலில் சாய்ந்து ஜன்னல் வழியாகத் தெருவை மேற்பார்வை செய்துகொண்டிருந்தாள். "என்னடி, ஆபீசையே இங்க கொண்டுவந்துட்டியா? என்னையும் கேள்வி கேளு, எனக்கும் சம்பளம் குடு" என்றாள். அக்கா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஆப் அவள் போனில் முதல் நாளிலிருந்தே இருந்தது. தங்கை செய்தது என்பதற்காக ஒன்று விடாமல் குறித்து வைத்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் ஏனக்காவும் உண்டுதான். ஆனால் அவள் போனில் ஆபீஸ் சோதனைக்காக ஏற்படுத்திய பொய்க் குடும்பங்கள் ஏகப்பட்டவை. அவை ராப்பகலாக மணியடித்ததால் ஆப்பையே ஊமையாக்கி வைத்திருந்தாள். பொய்க் குடும்பத்தோடு சேர்த்து நிஜக் குடும்பமும் ஊமையாகிவிட்டது.

மௌனி புதிய திரையை அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஏனக்கா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவின் முகம் மலரப் போவதைப் பார்க்கத் தயாராக இருந்தாள்.

அக்கா கணக்கு டீச்சர். கோட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகாது. முதல் கோடு அவளுடையது, திரையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நீண்டு கிடந்தது. இரண்டாவது கோடு தம்பியுடையது. மருந்துகளை வரவழைத்தது, டாக்டரிடம் நேரம் வாங்கியது, இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டியது, தினமும் காலையில் அம்மா நடைப்பயிற்சி முடிக்கிறவரை வீடியோவில் கூடவே இருந்தது என்று எல்லாம் சேர்ந்து பாதித் திரை வந்திருந்தது. மூன்றாவது கோடு ஏனக்காவுடையது. அது கோடு என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஏனக்கா பார்ப்பதற்குள் மறைத்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, அக்கா சட்டென்று போனைக் கவிழ்த்துத் துணி அடுக்கின் மேல் வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு. கலரெல்லாம் அழகா போட்டிருக்கீங்க" என்று மௌனியிடம் சொன்னாள். பிறகு தங்கையைப் பார்க்காமல், "இதுல எல்லாம் சரியா ஏறாதுடி. நீ போன மாசம் வந்தப்போ நான் குறிக்க மறந்திருப்பேன்" என்றாள்.

அக்கா எதையும் குறிக்க மறப்பவள் இல்லை. ஏனக்காவுக்கு அது தெரியும். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆபீஸ், கெடு, போக்குவரத்து என்று நாக்கு நுனியில் காரணங்கள் வரிசையாக நின்றன. மிட்டாய் வாயை அடைத்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அதற்கு நன்றி சொன்னாள். வெட்கத்தில் அழுகை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கினாள்.

அவள் கேட்க வேண்டிய கேள்வியை மௌனி கேட்டாள். "நீங்க கடைசியா இந்த ஆப்பை எதுக்குத் திறந்தீங்க?"

அக்கா ஒரு துண்டை மடித்தாள். "போன வாரம் ஸ்கூல்ல பரீட்சை. அம்மாவுக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும். யாரையாவது கேக்கலாமான்னு திறந்தேன். அப்புறம் மூடிட்டேன்."

"கேக்கலையா?"

"கேட்டா அவங்க முடியாதுன்னு சொல்லணுமே. இவ பாவம், வேலையை விட்டுட்டு எப்படி வருவா? சொல்லவும் முடியாம மெல்லவும் முடியாம தவிப்பா. எதுக்கு? நானே லீவு போட்டுட்டேன்." இன்னொரு துண்டை எடுத்தாள். "யாரு எவ்வளவு செஞ்சாங்கன்னு எனக்கு ஆப் சொல்லணுமா? எனக்கே தெரியாதா? அதைப் பாத்துட்டு நான் என்ன பண்ண? என் தங்கச்சியை வேண்டாம்னு சொல்லிடவா?"

கட்டிலிலிருந்து அம்மா, "சின்னவ ஏன் இன்னைக்குப் பேசவே மாட்டேங்கறா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை ஏனக்கா டீமைக் கூட்டி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், தன் கோட்டின் நீளம் உட்பட. "தப்பு என்னுது. அண்ணன் அன்னைக்கே ஏன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லாம மழுப்பிட்டேன்" என்றாள். வாரக்கணக்கில் செய்ததை அழிக்கச் சொல்ல வேண்டும். முடியாதண்ணன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவர் எழுந்து தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து, "அழிச்சிடலாம். எங்க வீட்டுல இந்தக் கோடு வந்தா நானும் உங்க மாதிரிதான்" என்றார்.

பிறகு அவர்கள் செய்தது மிகச் சின்ன விஷயம். வேலை, நாள், நேரம் குறித்து 'யாரால முடியும்?' என்று ஒரே ஒரு பட்டன். அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகும். முடிந்தவர் 'நான்' என்று தட்டலாம். முடியாதவர் ஒன்றும் செய்ய வேண்டாம். யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் சும்மா இருந்தார்கள் என்று கேட்டவருக்குத் தெரியாது. மறுக்க ஒரு பட்டன் வேண்டாமா என்று மேலாளர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றாள் ஏனக்கா. "அப்ப 'முடியாது'ன்னு சொல்ல இந்த ஆப்புல இடமே இல்லையா? என்னை மாதிரி ஆளுங்க எங்க போறது?" என்றார் முடியாதண்ணன். இந்த முறை வெளியே விடுவதற்கு முன்னால் அவள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தாள். ஒரு பை மிட்டாய் தீர்ந்தது. தம்பிக்கும் ஒருநாள் போன் பண்ணினாள். எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் பேச்சு நீண்டது.

காலாண்டுக் கடைசி மீட்டிங் வந்தது. பெரிய அறை, பெரிய திரை, வேறு கிளைகளிலிருந்து வந்த பெரிய மனிதர்கள். ஏனக்கா பேச எழுந்தாள். போன மாதம் சேர்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவை இன்னும் இருக்கின்றன என்ற எண் முதல் பக்கத்திலேயே இருந்தது. டீம் தலை தப்புமா என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

அப்போது மேசைமேல் இருந்த அவள் போன் ஒருதரம் அதிர்ந்தது. பொய்க் குடும்பங்களை எல்லாம் அவள் என்றோ எடுத்துவிட்டிருந்தாள். அக்காவிடமிருந்து வந்திருந்தது.

'அம்மாவுக்கு பிசியோதெரபி. இன்று மாலை. யாரால முடியும்?'

அக்கா இதுவரை அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. எத்தனை தரம் விரலைக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்திருப்பாள் என்று ஏனக்காவுக்குத் தெரியும். இப்போது பார்க்காததுபோல இருந்துவிடலாம், அது அக்காவுக்குத் தெரியவே தெரியாது. அப்படித்தான் ஆப்பையே செய்திருந்தார்கள், அவளேதான் அடம்பிடித்துச் செய்ய வைத்தாள்.

'நான்' என்று தட்டிவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார் மேலாளர், குரலைத் தாழ்த்தி. "இதையெல்லாம் யாரு சொல்றது?"

அவள் பதில் சொல்வதற்குள் முடியாதண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "நான் சொல்றேன். நீங்க போங்க" என்றார். பெரிய மனிதர்கள் முன்னால் வாயே திறக்காத ஆள். மௌனி ஓடிவந்து அவருக்காகப் பக்கங்களைத் தள்ளிவிட உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் போகும்போது முடியாதண்ணனிடமிருந்து செய்தி வந்தது. 'டீம் இருக்கும். நான் பேசினது ஒருத்தருக்கும் புரியல. மௌனிதான் எல்லாத்துக்கும் பதில் சொன்னா.' ஜன்னலோரம் தனியாகச் சிரித்த அவளைப் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

அக்கா இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. அம்மா கைத்தடியை ஊன்றிக் கதவைத் திறந்தாள்.

"நீயா? ஆபீஸ் இல்லையா இன்னைக்கு?"

"இருக்கு."

"பெரியவ உன்னைக் கேட்டாளா?"

"கேட்டாம்மா."

அம்மா கதவைப் பிடித்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ யாரையும் எதுவும் கேக்க மாட்டாளே" என்றாள்.

வாயில் மிட்டாய் இல்லை. ஆனாலும் ஏனக்கா பேச்சை வளர்க்காமல் உள்ளே போனாள். குனிந்து, கட்டிலுக்கு அடியில் அம்மாவின் செருப்பைத் தேடினாள். இந்த வீட்டில் அது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது.